எல்லாவற்றுக்கும் கவுன்சலிங் என்றே பேரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் மனநலக் கட்டுரையில் மாத்திரை, கவுன்சலிங், உளப்பகுப்பாய்வு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். மூன்றுக்கும் போய் வந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

அப்பா போன பிறகு எனக்குத் தூக்கம் போனது. சைக்கியாட்ரிஸ்ட் மாத்திரை தந்தார், தூங்கினேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் பேச்சு சிகிச்சை. ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் உருவாக்கிய முறை. வாரம் ஒருமுறை போய், மனதில் ஓடும் எண்ணத்தை நோட்டில் எழுதி, அதற்கு என்ன ஆதாரம் என்று நாமே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும், வீட்டுப்பாடம் வேறு. நான்கு மாதத்தில் பதற்றம் அடங்கியது.

ஃப்ராய்டு என்ற மருத்துவர் வியன்னாவில் தொடங்கிய உளப்பகுப்பாய்வு வேறு சமாசாரம். வாரத்தில் நான்கைந்து நாள், 50 நிமிடம், வருடக்கணக்கில். சோபாவில் படுத்துக்கொண்டு மனதில் வருவதை வடிகட்டாமல் சொல்ல வேண்டும். அனலிஸ்ட், அதாவது பகுப்பாய்வு செய்பவர், தலைமாட்டில், நம் கண்ணில் படாமல் உட்கார்ந்திருப்பார். யோசனையே சொல்ல மாட்டார். இதற்கா இவ்வளவு காசு என்று முதல் இரண்டு மாதம் புலம்பினேன். (நெருக்கடியில் இருப்பவர்கள் இதை நம்பிக் காத்திருக்காமல் நேரே டாக்டரிடம் போய்விடுங்கள்.)

ஒருநாள் என் அனலிஸ்ட் அம்மா ஐந்து நிமிடம் தாமதமாகக் கதவைத் திறந்தார். பரவாயில்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் படுத்தவளுக்கு, கொஞ்ச நேரத்தில் வாயில் வந்த வார்த்தை 'சனியனே'. அவர் குஜராத்தி, அர்த்தம் கேட்டார். சனி கிரகம், ஏழரை என்று விளக்க ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டேன். மாட்டுங்காவில் பள்ளிக்கூட வாசலில் அப்பாவுக்காகக் கடைசிப் பிள்ளையாகக் காத்து நின்றதும், ஏன் லேட் என்று கேட்டால் அவர் என்னைத் திட்டும் அதே வார்த்தையும் நினைவுக்கு வந்தன! அப்பா மேல் இருந்த கோபத்தைத்தான் அந்த அம்மா மேல் இறக்கியிருக்கிறேன். இதற்கு டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பேர். சிபிடியில் இதை அதிகம் கிளற மாட்டார்கள், இங்கே வேலையே இதில்தான்.

ஆனால் சனியனை இங்கிலீஷில் எத்தனை நாள் விளக்குவது? கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் 1922-லேயே உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கி, வங்காளியிலேயே இதையெல்லாம் எழுதினார். தாராவி, செம்பூர், மாட்டுங்கா என்று இத்தனை தமிழர்கள் இருக்கிற மும்பையில், தமிழ் தெரிந்த ஓர் அனலிஸ்டைத் தேடி நான் சலித்துவிட்டேன். தெரிந்த வாசகர்கள் யாராவது எழுதுங்களேன்.

வாசகி,
செம்பூர், மும்பை