கடைசி வாரத்தில் கையெழுத்துக்கு அலைய வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-பிஎச்டி (முனைவர் பட்ட ஆய்வுக்கு), வைஸ்-பிடிஎஃப் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு) உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கும் பெண்கள் பலர் திட்ட வரைவிலேயே நாளைக் கடத்திவிடுகிறார்கள். உண்மையில் இழுத்தடிப்பது, ஆய்வு நடக்கவிருக்கும் நிறுவனத்தின் தலைவர் கையெழுத்திட்டுத் தரவேண்டிய ஒப்புதல் கடிதம்தான். கோப்பு மேசை மேசையாக நகரும். கடிதத்தின் வாசகம் படிவத்திலிருந்து மாறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. உதவித்தொகைக் காலம் முடியும் முன்பே வழிகாட்டி ஓய்வுபெறுவாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திட்ட வரைவில் முந்தைய ஆய்வுகளுக்குப் பத்துப் பக்கம், செய்முறைக்கு அரைப்பக்கம் என்றால் எடுபடாது. நோக்கங்கள் மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாதிரிகள், எந்தக் கருவி, சோதனை தோற்றால் மாற்று என்ன என்று எழுதுங்கள். செலவுக் கணக்கில் வேதிப்பொருள்களைப் பெயர் பெயராகப் பிரிக்காமல் மொத்தமாக 'இதர செலவு' என்று போட்டால் மதிப்பீட்டாளர் அங்கேதான் கைவைப்பார்.

பணி இடைவெளியை மறைக்காதீர்கள். இத்திட்டங்கள் வந்ததே இடையில் பணியை விட்ட பெண்களையும் மனதில் வைத்துத்தானே!

– ஆய்வு வழிகாட்டிகள் சிலர், சென்னை