நூறடி ரோடும் நம் சங்கமும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, மழைக்கு முன் தூர்வாரல், பொங்கல் விழா எல்லாம் வழக்கம்போல் நல்லபடியாக நடந்தன. மீதி நேரமெல்லாம் நூறடி ரோட்டுக்கே போனது.

சாலையைக் கடக்க வழி கேட்டு மனு எழுத உட்கார்ந்தோம். இந்த ரோடு எப்படி இப்படி ஆனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்றார்கள் மூத்த உறுப்பினர்கள். சென்னையின் நெரிசலுக்குள் நுழையாமல் சுற்றிப் போகவென்று போட்ட உள்வட்டச் சாலை இது. அப்புறம் ஊரே இதைத் தேடி வந்துவிட்டது. 1996-இல் கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது. 2002-இல் வெளியூர்ப் பேருந்து நிலையமும் அங்கே வந்தது. 2008-இல் கத்திப்பாரா மேம்பாலம், 2015-இல் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை மெட்ரோ, 2021-இல் கோயம்பேடு மேம்பாலம். வடபழனியில் கீழே சாலை, நடுவில் பாலம், அதற்கும் மேலே ரயில். எல்லாமே தேவைப்பட்டவைதான். ஆனால் எல்லாம் நீளவாக்கில் போகிறவர்களுக்கு; குறுக்கே நடக்கிறவர்களை யாரும் நினைக்கவில்லை. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் புதிய வெளியூர்ப் பேருந்து நிலையம் திறந்ததும் பாரம் குறையும் என்று நம்பினோம். பகலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மாலையில் சிக்னலில் நின்று பார்த்தால் புரியும். பச்சை விழுந்ததும் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி இறங்குகிறார். இடப்பக்கம் திரும்பும் பைக்குகள் நிற்பதில்லை. அவர் நடுத்திட்டை எட்டும்போது பச்சை போய்விடுகிறது. மெட்ரோ தூணில் கையை ஊன்றி, அடுத்த பச்சை வரை அங்கேயே நிற்கிறார்.

மெட்ரோ நிலையத்தில் ஏறி, டிக்கெட் வாங்காமலே மறுபக்கம் இறங்கலாம். இது தெரியாத பெரியவர்களை நேரில் கூட்டிப்போய்க் காட்டினோம். இரவு ரயில் நின்றபின் அந்த வழியும் கிடையாது.

மனுவை வாங்கிய அலுவலகம் வேறொரு துறைக்கு அனுப்பியது. அங்கிருந்து அது பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. மனது மிகவும் நொந்துபோனது. போக்குவரத்துக் காவலர்கள் மட்டும் நேரில் வந்து பார்த்து, பச்சை நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி. அது இன்னும் போதாது. நடுத்திட்டில் நாலு பேர் பயமில்லாமல் நிற்க இடமும் வேண்டும். புதிய மனு வாசல் மேஜையில் இருக்கிறது, கையெழுத்துப் போடாதவர்கள் இன்றே போட்டுவிடுங்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.