கழுவி வைத்த அத்தர் குப்பிகள்: எகிப்தியத் தொல்பொருள் காப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எகிப்தியத் தொல்பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகங்களின் காப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் வரலாற்று ஆய்வாளன் அல்லன். மூன்று தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை நடத்திவரும் குடும்பத்தைச் சேர்ந்தவன். குங்கிலியத்தையும் வெள்ளைப்போளத்தையும் குந்திரிக்கத்தையும் இருட்டில் கையில் கொடுத்தாலும் மோந்து பார்த்துப் பெயர் சொல்லப் பழகியவன். இம்மடலை எழுத எனக்கிருக்கும் தகுதி அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பிய நகரொன்றில், பெயர் வேண்டாம், ஓர் அருங்காட்சியகத்தின் எகிப்தியக் கூடத்தில் அரைநாள் செலவிட்டேன். பால்வண்ணக் கால்சைட் கல்லில் குடைந்த சிறு சாடிகள் ஏழெட்டு, கண்ணாடிப் பேழைக்குள் வரிசையாக நின்றன. விவரச்சீட்டில் கல்லின் பெயர், காலம், கிடைத்த இடம், பதிவெண் எல்லாம் இருந்தன. உள்ளே என்ன இருந்தது, அதை யார் யாருக்குப் பூசினார்கள், செத்தவர் கூடவே அது ஏன் கல்லறைக்குள் போனது என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த பேழையில் ஒரு மம்மி; கூட்டமெல்லாம் அங்கே. ஒருவர் அத்தர் குப்பியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணாடியின் வேலைப்பாட்டை மட்டும் புகழ்ந்துகொண்டிருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது எனக்கு.

உங்கள் கூடங்களில் காதலுக்கு ஒரு மூலை, ஒப்பனைப் பொருள்களுக்கு ஒரு பேழை, மறுமைக்கு ஒரு தனி அறை. எகிப்தியர் இம்மூன்றையும் ஒரே மூச்சில் இழுத்தவர்கள். அந்த மூச்சைப் பார்வையாளருக்கும் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மொழியிலிருந்தே தொடங்கலாம். பழைய எகிப்தியத்தில் முத்தமிடுவதற்கும் முகர்வதற்கும் ‘சென்’ என்ற ஒரே வினைச்சொல். அதை எழுதும்போது மூக்கின் உருவத்தைக் குறியாகச் சேர்த்தார்கள். பிள்ளையை ‘உச்சி முகர்ந்தாள்’ என்று எழுதும் தமிழருக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. கோயில்களில் புகைத்த நறும்புகைக்கு ‘செனெட்ஜெர்’ என்று பெயர்; தெய்வத்தன்மை ஊட்டுவது என்று அதன் பொருளை விளக்குவார்கள். தெய்வங்கள் வருவதை எகிப்தியர் முதலில் மூக்கால்தான் அறிந்தார்கள். தெய்ர் எல் பஹ்ரியில் உள்ள ஹட்செப்சுட் அரசியின் கோயிலில், அவர் பிறந்த கதை சுவரில் செதுக்கப்பட்டிருக்கிறது: ஆமுன் கடவுள் அரசன் முதலாம் தட்மோசின் உருவெடுத்து அரசி அஹ்மோசின் பள்ளியறைக்குள் நுழைகிறார், உறங்கிக்கொண்டிருந்த அரசி அந்த வாசனையில் கண் விழிக்கிறாள், அரண்மனை முழுவதும் மணம் பரவுகிறது. அது, நறும்புகைப் பொருள்கள் வந்த புந்த் நாட்டு மணம் என்று கல்வெட்டு இடத்தையும் சொல்லிவிடுகிறது. அதே கோயிலின் இன்னொரு சுவரில் ஹட்செப்சுட் புந்துக்கு அனுப்பிய கப்பல்கள் வருகின்றன. வேரோடு கூடையில் வைத்த நறும்புகை மரங்களை ஆட்கள் தடிகளில் தொங்கவிட்டுச் சுமக்கிறார்கள். உயிரோடு வந்த மரங்கள் 31 என்று கணக்கும் இருக்கிறது.

அதே புந்த், சில நூற்றாண்டுகள் கழித்து, கல்லறைத் தொழிலாளர் வாழ்ந்த தெய்ர் எல் மெதினா ஊரின் காதல் பாட்டில் மறுபடி வருகிறது. அவளை அணைத்தால் புந்துக்கே போய்விட்டதுபோல் இருக்கிறது என்கிறான் காதலன். அந்தப் பாட்டுத் தொகுப்பு ஒரு மண்கலத்தின் மேல் எழுதப்பட்டு, உடைந்த ஓடுகளாகக் கிடைத்தது. அதிலேயே இன்னொரு பாட்டில் அவனுக்கு வேறோர் ஆசை: ஒரு மாதமாவது அவளுடைய சலவைக்காரனாக இருக்க வேண்டுமாம்; அவள் தலைத்துணியில் ஊறியிருக்கும் முருங்கை எண்ணெயைத் தன் கையால் அலச வேண்டுமாம். நம் வீட்டு முருங்கைக்கு ஒன்றுவிட்ட உறவான பாலைநில முருங்கையின் விதையெண்ணெய் அது. தனக்கென்று பெரிய மணம் இல்லாத, சீக்கிரம் சிக்கெடுக்காத எண்ணெய் ஆதலால், பூவையும் பிசினையும் ஊறவைத்து வாசனைத் தைலம் இறக்க ஏற்றது. இந்த ஒரு செய்தி தெரிந்தால், உங்கள் பேழையில் நிற்கும் வெற்றுச் சாடி சட்டென்று ஓர் ஆளின் துணி மூட்டையோடு சேர்ந்துவிடும்.

இனி துத்தங்காமுனின் கல்லறை. 1922 நவம்பரில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஹவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த அந்தக் குவியலில் எல்லாரும் பொன் முகமூடியைப் பார்க்கிறார்கள். நான் பொன் அரியணையின் முதுகுப்பலகையைப் பார்க்கச் சொல்வேன். சூரியக் கதிர்களுக்குக் கீழே அரசன் சாய்ந்து அமர்ந்திருக்கிறான். அரசி அங்கெசெனாமுன் எதிரே நிற்கிறாள். ஒரு கையில் தைலக் கிண்ணம், மற்றக் கை அவன் தோளில். அவ்வளவுதான் காட்சி. ஒரு மனைவி கணவனுக்கு வாசனை பூசுகிறாள்.

அதே கல்லறையில் சுமார் 50 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு சிறு மாடம் கிடைத்தது. மரத்தின்மேல் பொன்தகடு போர்த்தியது. உள்ளே இருந்த சிலையைத் திருடர்கள் கொண்டுபோய்விட்டார்கள். அது நின்ற பீடம் மட்டும் பாதத் தடத்தோடு மிஞ்சியது. வெளித்தகட்டில் அரசனும் அரசியும் வருகிறார்கள். ஒரு காட்சியில் அவன் குடுவையைச் சரித்து அவளுடைய உள்ளங்கையில் எதையோ ஊற்றுகிறான். அவள் அவனுடைய முழங்கால் மீது கையை ஊன்றியபடி திரும்பி வாங்கிக்கொள்கிறாள். இன்னொரு காட்சியில் அவன் நீர்ப்பறவைகள் மீது அம்பு விடுகிறான். அவள் காலடியில் அமர்ந்து அடுத்த அம்பை எடுத்து நீட்டுகிறாள். ஊற்றுவது, அம்பெய்வது, கருவுறச் செய்வது ஆகிய மூன்றுக்கும் எகிப்தியத்தில் ஒத்த ஒலியுள்ள சொற்கள் இருந்ததைச் சுட்டிக்காட்டி, இவை இல்லறக் காட்சிகள் மட்டுமல்ல, இறந்த அரசன் மீண்டும் பிறப்பதற்கான ஏற்பாடும்கூட என்று எகிப்தியல் அறிஞர் சிலர் விளக்கியிருக்கிறார்கள். வெறும் அன்புக் காட்சி என்போரும் உண்டு. இதில் ஒரு கட்சி சேர வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. பிள்ளை பெறுகிற உறவையே மறுபிறப்புக்கு வழியாக நம்பிய மக்களுக்கு, அந்த ஓர் உள்ளங்கை அன்புக்கும் மறுபிறப்புக்கும் போதுமானதாகத்தான் இருந்திருக்கும்.

கார்ட்டர் கண்ட சாடிகளில் ஒன்றின் மூடிமேல் சிங்கமொன்று நாக்கை வெளியே நீட்டிப் படுத்திருக்கிறது. அதற்குள் தைலம் மிச்சமிருந்தது. 1926இல் சாப்மன், பிளெண்டர்லித் என்ற இரு வேதியியலாளர்கள் அதை ஆராய்ந்தார்கள்: ஏறக்குறைய 90 விழுக்காடு விலங்குக் கொழுப்பு, மீதி 10 விழுக்காடு பிசின் வகை. 3,200 ஆண்டுகளுக்குப் பிறகும் அது மெலிதாக மணத்தது. தேங்காயெண்ணெயை ஓரளவு நினைவூட்டியதாம். இதைப் படித்த அன்று எங்கள் கடைக்குள் இருக்கும் தைல அறைக்குப் போய்ச் சற்று நேரம் நின்றேன்.

இதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. அரசனை அடக்கம் செய்த சில காலத்துக்குள்ளேயே திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். பொன் கிடக்க, பெரிய சாடிகளிலிருந்த தைலத்தைத் தோல் பைகளில் வழித்துக்கொண்டு போனார்கள். தைலத்தின் விலை அப்படி. விற்றுவிட்டால் யாருடையது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. கெட்டியான களிம்பு இருந்த ஒரு சாடியின் உட்சுவரில், வழித்த விரல்களின் தடம் அப்படியே பதிந்திருந்ததைக் கார்ட்டர் எழுதி வைத்திருக்கிறார். வாசனைக்கு அந்நாளில் என்ன மதிப்பு என்பதற்கு இதைவிடச் சிறந்த விவரச்சீட்டை யார் எழுதிவிட முடியும்?

விவரச்சீட்டு என்று சொன்னதால், இரண்டு திருத்தங்களையும் கேட்டுக்கொள்கிறேன். எகிப்திய ஓவியங்களில் விருந்தினர் மூக்கருகே பிடித்திருக்கும் நீலப்பூவைப் பல கூடங்களில் தாமரை என்றே எழுதியிருக்கிறார்கள். அது ஆம்பல். தாமரை பாரசீகர் காலத்தையொட்டித்தான் எகிப்துக்கு வந்தது. பூவின் பெயர் மாறினால் கதையும் மாறுகிறது. காலையில் நீருக்கு மேலே விரிந்து, வெயில் ஏறிய பின் கூம்பி, மறுநாள் மறுபடி விரியும் அந்தப் பூவில்தான் அவர்கள் சூரியனின் பிறப்பைக் கண்டார்கள். கி.மு. 24ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உனாஸ் அரசனின் பிரமிடுச் சுவரில், இறந்த அரசன் நெஃபெர்தெம் கடவுளாக, சூரியனின் மூக்கருகே இருக்கும் ஆம்பலாகத் தோன்றுகிறான். அந்த எழுத்திலும் பூவின் இடம் மூக்கருகேதான்.

இரண்டாவது, ‘அந்தியு’ என்ற எகிப்தியச் சொல். இதை நெடுங்காலம் வெள்ளைப்போளம் என்றே பெயர்த்து வந்தார்கள். சக்காராவில் கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஒரு பிணம் பதனிடும் பட்டறையின் கலங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான முடிவு வேறு: அந்தியு என்று எழுதிய கலங்களில் தேவதாரு, சூனிப்பர் அல்லது சைப்ரசு எண்ணெய்கள் விலங்குக் கொழுப்போடு கலந்திருந்தன. டப்பாவில் ஒரு பெயரை ஒட்டி உள்ளே வேறொன்றை வைத்தால் எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் மறுநாள் வரமாட்டார். உங்களுக்கு நூறாண்டு தவணை கிடைத்திருக்கிறது. அதே பட்டறையில் ஆசிய வெப்பமண்டலக் காடுகளின் குங்கிலியமும் இருந்தது என்பது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி. இரண்டாம் ராம்செசின் மூக்கில் மிளகை அடைத்துப் பதனிட்டிருந்தார்கள் என்பதைச் சேர நாட்டுப் பெருமையாக நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். குங்கிலியத்தையும் அந்தப் பட்டியலில் எச்சரிக்கையோடு சேர்க்கலாம், ஏனெனில் அது தென்கிழக்காசியக் காடுகளிலும் கிடைப்பது.

வாசனையைக் கூடத்துக்குள் கொண்டுவருவது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். உங்களில் சிலர் செய்து காட்டிவிட்டீர்கள். இரண்டாம் அமென்ஹோதெப்பின் செவிலித்தாய் செனெத்நாயின் உறுப்புகள் இருந்த சாடிகளிலிருந்து தேன்மெழுகு, எண்ணெய், நிலக்கீல், ஊசியிலை மரப் பிசின் முதலியவற்றை இனங்கண்டு, அந்தப் பதனத் தைலத்தின் மணத்தை 2023இல் டென்மார்க்கின் மோஸ்கோர்ட் அருங்காட்சியகத்தில் பார்வையாளர் முகரும்படி வைத்தார்கள். கெய்ரோவில் ஒன்பது மம்மிகளைக் கருவிகளோடு பயிற்சி பெற்ற மனித மூக்குகளும் மோந்து பார்த்த ஆய்வு 2025இல் வந்தது. மரவாசம், மசாலா வாசம், இனிப்பு என்று குறித்தார்கள். பிணவாடையை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

ஆகவே கேட்கிறேன்: பேழைக்கு வெளியே, தொல்பொருளுக்கு ஆவி எட்டாத தொலைவில், மூடி தூக்கிப் பார்க்கும் சிறு பெட்டிகளை வையுங்கள். கலவை அத்தர் வேண்டாம். அதற்குச் சுற்றுலாக் கடைகளில் ‘கிளியோபாட்ராவின் ரகசியம்’ என்று விற்கும் குப்பிகளே இருக்கின்றன. ஒரு பெட்டியில் கொழுப்பு, ஒன்றில் தேன்மெழுகு, ஒன்றில் பிசின் என்று தனித்தனியாக வையுங்கள். எது ஆய்வில் உறுதியானது, எது ஊகம் என்று எழுதுங்கள். கண் தெரியாதவர்கள் உங்கள் கூடத்தில் முதன்முறையாக மற்றவர்களுக்குச் சமமாக நிற்பதும் அப்போது நடக்கும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், இத்தாலியின் துரின் அருங்காட்சியகத்தில் இருக்கும் கா, மெரிட் என்ற கணவன் மனைவியிடமிருந்து என்பேன். 1906இல் இத்தாலியத் தொல்லியலாளர் ஷியாபரெல்லி திறந்த அவர்கள் கல்லறையில், கணவன் கா கட்டடப் பணிகளின் மேற்பார்வையாளன்; மனைவி முந்திக்கொண்டு இறந்தாள். அவளுக்கெனச் சவப்பெட்டி ஆயத்தமாகாததால், தனக்குச் செய்து வைத்திருந்த பெரிய பெட்டியை அவளுக்குக் கொடுத்துவிட்டான். அதில் இன்னும் அவன் பெயரே இருக்கிறது. அவளுடைய தலைமயிர்த் தொப்பியும் தைலக் குப்பிகள் அடுக்கிய ஒப்பனைப் பெட்டியும் கூடவே போயின. மூடியே இருந்த அக்கல்லறைக் கலங்களை நெகிழிப் பைக்குள் சில நாள் வைத்து, கசிந்த மணத்தை 2022இல் ஆராய்ந்தபோது தேன்மெழுகும் உலர்ந்த மீனும் தெரியவந்தன. சோறும் சீவிச் சிங்காரித்த தலையும் இல்லாமல் மனைவியை அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. மெரிட் என்றால் அன்புக்குரியவள் என்று பொருள். எந்தக் கூடமானாலும், அவள் கதையைச் சொல்லும் சீட்டில் முதலில் இதை எழுதுங்கள்.

வைப்பதென்று முடிவானால் தெரிவியுங்கள். முதல் கால் கிலோ வெள்ளைக் குங்கிலியத்தை, பொடிக்காமல் கட்டியாகவே, என் செலவில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரன்