டெண்டருக்கு முன் ஷெட்யூல்: புதுச்சேரி போக்குவரத்து நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்துத் துறை, சாலைப் போக்குவரத்துக் கழக அதிகாரிகளுக்கு,

வணக்கம். பஸ் எங்கே வருகிறது என்று செல்போனில் காட்டும் திட்டம் என்றாலே ஜிபிஎஸ் கருவி, செயலி, டிஸ்ப்ளே போர்டு என்றுதான் டெண்டர் தொடங்குகிறது. கருவியில் குழப்பம் குறைவு. அது எப்படி இருக்கவேண்டும் என்பதை வாகன டிராக்கிங் கருவிகளுக்கான இந்தியத் தரமான ஏஐஎஸ்-140 சொல்லிவிடுகிறது. சிக்கல், அந்த வண்டி இப்போது எந்த டிரிப் ஓடுகிறது என்பதைச் சர்வருக்குச் சொல்வதில்தான்.

காலையில் ஒரு வண்டி பிரேக்டவுன் ஆகிறது. அது ஓடவேண்டிய கடலூர் ஷெட்யூலுக்கு, அதாவது அன்றைய டிரிப் வரிசைக்கு, ஸ்பேர் வண்டி கிளம்புகிறது. டிப்போ பதிவேட்டில் மாற்றம் ஏறிவிடும், சர்வரில் ஏறாது. கன்னியக்கோயிலில் காத்திருப்பவருக்குச் செயலி டிப்போவில் நிற்கும் பழைய வண்டியைக் காட்டும். இரண்டு முறை ஏமாந்தவர் அப்புறம் அதைத் திறக்கவே மாட்டார். வழி டிக்கெட் மெஷினில் இருக்கிறது: ஷெட்யூல் எண்ணையும் வண்டி எண்ணையும் கண்டக்டர் பதிந்த பிறகே முதல் டிக்கெட் வரவேண்டும். அந்தப் பதிவு அப்போதே டிராக்கிங் சர்வருக்குப் போகவேண்டும். மெஷின் ஒரு நிறுவனம், டிராக்கிங் இன்னொரு நிறுவனம் என்றால் இந்த இணைப்பு யார் பொறுப்பு என்று டெண்டரிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் கடைசிவரை ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

அடுத்து நிறுத்தங்கள். கடலூர் தடத்தில் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என ஒவ்வொன்றுக்கும் போகும் பக்கம் ஒரு புள்ளி, வரும் பக்கம் ஒரு புள்ளி வேண்டும். ஆளனுப்பி அளக்கவேண்டிய வேலை இது. நிழற்குடை ஓரிடம், பஸ் நிற்பது வேறிடம் என்று பல ஊர்களில் உண்டு. அட்சரேகை, தீர்க்கரேகையில் ஐந்து தசம இலக்கம் இருந்தால் சுமார் 1 மீட்டர் நுணுக்கம் கிடைக்கும். மூன்றோடு வெட்டினால் 100 மீட்டர் வரை தள்ளிப்போகும். எல்லையான முள்ளோடை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள நிறுத்தங்களையும் விடாதீர்கள். பயணிக்கு அது ஒரே தடம்தான்.

கருவி 10 நொடிக்கு ஒருமுறை இடத்தை அனுப்புகிறது என்று வையுங்கள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஒரு பஸ் அதற்குள் 110 மீட்டர் ஓடிவிடும். நிறுத்தத்தைச் சுற்றி 30 மீட்டர் வட்டம் போட்டு மட்டும் கணக்கிட்டால், நிற்காமல் போகும் வண்டி அதில் பதியாமலே போகலாம். தடத்தை ஒரு கோடாக வரைந்து, அதில் வண்டி நிறுத்தத்தைக் கடந்துவிட்டதா என்று கணக்கிடச் சொல்லுங்கள். மொபைல் சிக்னல் போய்த் திரும்பும்போது மொத்தமாக வந்து சேரும் பழைய பதிவுகளை, வந்த நேரப்படி இல்லாமல் பதிவான நேரப்படி அடுக்கவேண்டும்.

கருவி பொருத்தியதற்கே முழுத் தொகையையும் கொடுத்துவிட வேண்டாம். 30 நாள் ஓடவிட்டு, செயலி சொன்ன நேரத்தையும் பஸ் வந்த நேரத்தையும் நிறுத்தத்தில் ஆள் நிறுத்தி ஒப்பிட்ட பிறகு மீதியைக் கொடுங்கள். நிறுத்தப் பட்டியல், கால அட்டவணை, ஓட்டப் பதிவுகள் எல்லாம் கழகத்தின் சொத்து, கேட்ட நேரத்தில் தரவேண்டும், முதல் இரண்டையும் ஜிடிஎஃப்எஸ் என்ற பொதுத் தரவு வடிவில் தரவேண்டும் என்ற ஷரத்தையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

இப்படிக்கு,
பேருந்துத் தகவல் அமைப்புகளில் பணிபுரியும் சிலர்