சங்கத்துக் கணக்குக்கும் அந்த விதி உதவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிதி மோசடிகளைக் கண்டுபிடிக்கும் வழிகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் பென்ஃபோர்டு விதிக்கு இரண்டே வரி ஒதுக்கி, பெரிய கம்பெனி ஆடிட்டர்களின் சாஃப்ட்வேரில் இருக்கும் விஷயம் என்று முடித்துவிட்டார்கள். முப்பத்தைந்து வருடம் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நம் தெரு சங்கத்துக்கும் உதவும். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஆனால் அதை வைத்து எதுவரை பேசலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் நான் ஒரு தவறு செய்தேன். அதையும் சேர்த்துச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விதி எளிமையானது. தானாக ஏறி இறங்கும் தொகைகளை மொத்தமாக எடுத்து, ஒவ்வொன்றின் முதல் இலக்கத்தை மட்டும் பாருங்கள். 1 முதல் 9 வரை எல்லாம் சமமாக வரும் என்றுதான் யாரும் நினைப்போம். வராது. நூற்றுக்கு 30 தொகைகள் 1-ல் தொடங்கும். 2-ல் 17.6, 3-ல் 12.5, 4-ல் 9.7 என்று குறைந்துகொண்டே போய், 9-ல் தொடங்குபவை 4.6தான்.

நம்பிக்கை வரவில்லை என்றால் 10,000 ரூபாயை 10 சதவீதக் கூட்டு வட்டிக்குப் போட்டதாக வைத்து, வருடா வருடம் இருப்பை எழுதிப் பாருங்கள். முதல் போட்ட நாளையும் சேர்த்து 25 வரிகள் எழுதினால் அதில் எட்டு வரி 1-ல் தொடங்கும், 9-ல் தொடங்குவது ஒரே ஒரு வரி. பத்தாயிரம் இருபதாயிரம் ஆக இரு மடங்காக வேண்டும், தொண்ணூறாயிரம் லட்சம் ஆக ஒன்பதில் ஒரு பங்கு கூடினால் போதும். அதனால்தான் எந்தத் தொகையும் 1-ல் நெடுநாள் தங்குகிறது, 9-ஐச் சட்டென்று தாண்டிவிடுகிறது. ரூபாயை டாலராக மாற்றி எழுதினாலும் இந்தப் பங்கீடு மாறாது.

இதை முதலில் கவனித்தவர் சைமன் நியூகாம் என்ற அமெரிக்க வானியலாளர். 1881-ல், பெரிய பெருக்கல் வகுத்தலுக்கு உதவும் மடக்கை (லாக்) அட்டவணைப் புத்தகத்தில், 1-ல் தொடங்கும் எண்கள் இருக்கும் முன்பக்கங்கள் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்து எழுதினார். அதைப் படித்தபோது, மூர் மார்க்கெட்டில் பழைய விலைக்கு வாங்கிய என் லாக் டேபிள் நினைவுக்கு வந்தது. அதிலும் முதல் சில பக்கங்கள் விரல் பட்டுக் கறுத்திருந்தன. எனக்கு முன் எத்தனை பிள்ளைகள் புரட்டினார்களோ! 1938-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்த ஃபிராங்க் பென்ஃபோர்டு, நதிகளின் பரப்பு, ஊர்களின் மக்கள்தொகை என்று இருபது வகைகளில் 20,229 எண்களைச் சேர்த்து அதே வரிசையைக் காட்டினார். பெயர் அவருக்குப் போய்விட்டது.

நானும் ஒருமுறை சோதித்தேன். காசிமேட்டில் ஒரு விசைப்படகுக்காரருக்குப் பல வருடம் கணக்கு எழுதியிருக்கிறேன். ஏலத்தில் போகும் மீன் ஒருமுறை எட்டாயிரம், ஒருமுறை ஒன்றேகால் லட்சம். டீசல், ஐஸ், வலைக் கூலி, ஆள் பேட்டா என்று செலவும் நூறில் தொடங்கி லட்சம் வரை போகும். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழைய நோட்டை எடுத்து, ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணினேன். 1-க்கு நேரே போட்ட கோடுகள் பக்கத்தின் ஓரம் வரை போயின. 9-க்கு நேரே சின்னதாக ஒரு கொத்து. உழைத்து வந்த பணத்தின் கணக்கு அப்படித்தான் இருந்தது.

இட்டுக்கட்டி எழுதுகிறவர் கைக்கு இது வராது. 1993-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலக் கருவூல அலுவலக மேலாளர் ஒருவர் மீது வழக்கு நடந்தது. போலி விற்பனையாளர் பெயரில் 23 செக், மொத்தம் சுமார் 18.8 லட்சம் டாலர். பெரும்பாலான செக்குகள் லட்சம் டாலருக்குக் கொஞ்சம் கீழே. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் 7, 8, 9-ல் தொடங்கியவை. மார்க் நிக்ரினி என்ற கணக்கியல் பேராசிரியர் இந்த வழக்கைத்தான் உதாரணமாகக் காட்டுவார். 2011-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஐரோப்பிய நாடுகள் கொடுத்த பொருளாதாரக் கணக்குகளை இப்படிச் சோதித்தபோது, அதிகமாக விலகி நின்றது கிரீஸ்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் இருக்கும் குடியிருப்புச் சங்கத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு என்றால் இரண்டு கையெழுத்து வேண்டும். மூன்று வருட வவுச்சர்களை எண்ணினேன். 4-ல் தொடங்குபவை நூற்றுக்குப் பத்து இருக்க வேண்டிய இடத்தில் முப்பதை நெருங்கின. அந்தத் தாளை அப்படியே பொதுக்குழுவில் காட்டினேன். அதுதான் என் தவறு. பில் வாங்கி வந்தது யார் என்று ஒருவர் கேட்டார். எல்லோர் பார்வையும் வாட்ச்மேன் மேல் போனது. அவர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, "சார், கடையில குடுக்கிற சீட்டைக் கொண்டாந்து மேல குடுக்கிறவன் நான். எனக்கு எழுதவே வராதே சார்" என்றார். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

அப்புறம்தான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். வவுச்சர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில் பாதி நேர்மையானவை. கழிவுநீர் லாரிக்கு ஒரே ரேட், அதுவே 4-ல் தொடங்கும் தொகை. மீதியில் ஒரே தேதியில் அடுத்தடுத்த எண்களில் மூன்று வவுச்சர்: மோட்டார் காயில் கட்டியது 4,900, பேரிங் 4,850, ஃபிட்டிங் கூலி 4,700. ஆக 14,450. ஒரே வவுச்சராக எழுதியிருந்தால் இரண்டாவது கையெழுத்து வேண்டியிருக்கும். கடையில் கேட்டால் அன்று போட்ட பில் 8,200. எழுதியது கமிட்டியில் இருந்த ஒருவர். பணத்தைத் திருப்பிக் கட்டினார். வியாசர்பாடியில் வாட்ச்மேன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் வேலைக்குத் திரும்பி வரவில்லை.

முதல் இலக்கம் எந்த வவுச்சர் கட்டைப் பிரித்துப் பார்க்கலாம் என்று காட்டும். திருடியது யார் என்று காட்டாது. சில இடங்களில் அதுவும் காட்டாது. எங்கள் பகுதி பின்கோடு எல்லாமே 6-ல் தொடங்கும், அங்கே போய் இந்த விதியைத் தேடக் கூடாது. பஸ் கட்டணம், மாதப் பராமரிப்புத் தொகை, ஒரே அளவுச் சம்பளம் எதற்கும் பொருந்தாது. ஐம்பது அறுபது தொகைகளை வைத்துக்கொண்டும் பேசக் கூடாது. வருமான வரிச் சட்டப்படி ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பொதுவாக அதை வியாபாரச் செலவாகக் காட்ட முடியாது. அதனால் ஒழுங்கான கடைக்காரர் கணக்கிலும் 9-ல் தொடங்கும் தொகைகள் கூடுதலாக இருக்கலாம். 2020 அமெரிக்கத் தேர்தலில் வாக்கு எண்ணிக்கைக்கு இதைப் போட்டுப் பார்த்து மோசடி என்று பரப்பினார்கள். வாக்குச்சாவடிகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்போது முதல் இலக்கம் எப்படிப் பரவும்?

ஏலச்சீட்டு நடத்துகிறவர்கள், கோயில் கமிட்டி, கூட்டுறவுச் சங்கம் எல்லோருமே வருடம் ஒருமுறை இதைச் செய்யலாம். பி.காம். படிக்கிற பிள்ளை எக்செல்லில் அரை மணி நேரத்தில் முடித்துவிடும். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஒன்பது சதவீதங்களையும் ஒரு கட்டம் போட்டு உங்கள் இதழில் அச்சிடுங்கள். வவுச்சரை எடுத்துப் பார்க்கும்வரை யார் பெயரையும் வாயில் எடுக்கக் கூடாது என்பதையும் அதன் கீழே அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21