உறைபனி இறங்குமுன்: நீலகிரி உள்ளாட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரூராட்சி, ஊராட்சித் தலைவர்களுக்கும் செயல் அலுவலர்களுக்கும்,

வணக்கம். 'மலையில சாண எரிவாயு எடுபடாதுங்க' என்ற பேச்சை இந்த ஓராண்டில் ஊர் ஊராகக் கேட்டுவிட்டோம். எடுபடும். சாணத்தைப் புளிக்கவைத்து வாயு எடுக்கும் கலனைச் சமவெளிக்கு வரைந்தபடி அப்படியே கேத்தியிலும் சோளூரிலும் இறக்கினால்தான் எடுபடாது.

கலனுக்குள் இரண்டு நுண்ணுயிர்க் கூட்டம் வேலை செய்கிறது. ஒன்று கழிவைப் புளிக்கவைத்து அமிலமாக்கும். மற்றது அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும். இரண்டாவதற்கு 35 டிகிரி சூடு இதமானது. 20-க்குக் கீழே மந்தமாகும், 10-க்குக் கீழே ஏறக்குறைய நின்றுபோகும். முதல் கூட்டமோ குளிரிலும் ஓரளவு வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே டிசம்பரிலும் கோடைக்குப் போட்ட அளவையே போட்டால் அமிலம் தேங்கும்; புளித்த வாடை வரும்; வாயு வந்தாலும் கரியமில வாயு மிகுந்து அடுப்புப் பற்றாது. 'கேஸ் வரல' என்று இன்னும் இரண்டு வாளி கொட்டுவார்கள். அதுதான் கலனைக் கொல்கிறது. அந்த நேரத்தில் தீனியை அடியோடு நிறுத்த வேண்டும். புளிப்பை அளக்கும் பி.எச். தாளில் 7-ஐ ஒட்டி வந்த பிறகு கால் பங்கிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒப்பந்தப் புள்ளி கோரும்போது முதலில் கொள்ளளவைப் பாருங்கள். வெப்பமான ஊர்களில் கழிவு கலனுக்குள் 30 முதல் 40 நாள் தங்கினால் போதும். குளிர்ந்த மலைக்கு 55 நாள் வேண்டும். 25 கிலோ சாணமும் 25 லிட்டர் தண்ணீரும் நாளொன்றுக்கு 50 லிட்டர் என்றால், 55 நாளுக்கு 2,750 லிட்டர் இடம். சமவெளியில் அந்தச் சாணம் ஏறத்தாழ ஒரு கனமீட்டர் வாயு தரும், அதாவது 400 கிராம் சிலிண்டர் கேஸுக்கு ஈடு. இங்கே குளிர்காலத்தில் அதைவிடக் குறையும் என்பதைப் பயனாளிகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தரைக்கு மேலே வைக்கும் பிளாஸ்டிக் தொட்டி ஓர் இரவிலேயே சில்லிட்டுவிடும். மண்ணுக்குள் புதைத்த குவிமாடக் கலனே இங்கே பொருந்தும். மேலே ஒரு முழம் உலர்ந்த வைக்கோலோ இலைமக்கோ போர்த்த வேண்டும். பிளாஸ்டிக் விரிப்புக் கூரையுள்ள பாலிஹவுஸுக்குள் அமைத்தால் சூடு கூடும். ஆனால் வாயு கசிந்து தேங்காதபடி காற்றோட்டம் வேண்டும், உள்ளே நெருப்பு ஆகாது.

அடுத்தது காலம். மார்ச் 31-க்குள் பணம் செலவாக வேண்டும் என்று ஜனவரியில் கலனைத் தொடங்கிவைக்கிறார்கள். புல்லில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும் வாரத்தில் நுண்ணுயிர் எப்படிப் பெருகும்? நவம்பருக்குள் கட்டுமானம் முடியட்டும். சாணம் ஊற்றுவது மார்ச் கடைசியில் இருக்கட்டும். அதற்கேற்ப பில் பிரிவை, அதாவது எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதை, மாற்றி எழுதித் தாருங்கள். இந்த மடலின் முதன்மையான வேண்டுகோள் இதுவே.

தயிருக்கு உறை ஊற்றுவது போல, புதுக் கலனுக்கு நுண்ணுயிர் உள்ள குழம்பை உறைக்கு ஊற்றுவதும் முக்கியம். அலாஸ்காவில் உறைநில ஏரிகளின் சேற்றிலிருந்து எடுத்த, குளிருக்குப் பழகிய நுண்ணுயிரிகளை வைத்து வீட்டுக் கலன்களில் ஆய்வு செய்திருக்கிறார்கள். அவையும் சூட்டில்தான் கூடுதலாக வாயு தந்தன, ஆனால் குளிரில் நின்றுவிடவில்லை. அதற்காக நம் சோலையோரச் சதுப்புகளைத் தோண்ட வேண்டாம். மலைக்கு நீர் ஊறும் இடம் அது. ஒரு குளிர்காலத்தைக் கடந்து ஓடும் மலைக் கலனின் குழம்பு, புதுக் கலனின் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் நல்லது.

காய்கறிச் சந்தைக் கழிவில் ஒரு சிக்கல் உண்டு. கேரட்டோடும் பீட்ரூட்டோடும் வரும் செம்மண் அடியில் படிந்து கலனை மெல்ல மெல்லச் சுருக்கும். அலசிப் போட வேண்டும். முட்டைக்கோஸ் இலை மிகுந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும், வாயுக் குழாயில் இரும்புத் துருவல் அடைத்த வடிகட்டி வைக்க வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் வேண்டவே வேண்டாம். கரைக்கும் தண்ணீரைக் கறுப்பு டிரம்மில் வெயிலில் வைத்து, நடுப்பகலில் ஊற்றச் சொல்லுங்கள். குழாய்க்குள் குளிரில் நீர் கோக்கும். தாழ்வான இடத்தில் வடிகுழாய் இல்லையென்றால் சுடர் துடித்து அணையும். முதல் முறை சேரும் வாயுவில் காற்று கலந்திருக்கும், பற்றவைக்காமல் வெளியே விட்டுவிட வேண்டும்.

உணவுக் கழிவின் வாடைக்குக் கரடியும் காட்டுப்பன்றியும் வரும். தீனித் தொட்டிக்குப் பூட்டுள்ள இரும்பு மூடியையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மலையில் சாண எரிவாயுக் கலன்களைப் பராமரிப்பவர்கள்