சாக்கெட் செய்யும் கைகளுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

செயற்கைக் கால் என்றதும் எல்லார் கண்ணும் போவது கார்பன் ஃபைபர் பாதத்தின் வளைவுக்கும், நடையை அளந்து தானே இறுகித் தளரும் முழங்கால் மூட்டுக்கும்தான். அருமையான பொருள்கள்தாம். ஆனால் அந்தக் காலை ஒருவர் நாள் முழுக்கப் போட்டிருப்பாரா, கழற்றி மூலையில் சாய்த்துவிடுவாரா என்பது சாக்கெட்டில், அதாவது வெட்டியபின் மீந்த கால் உட்காரும் கூட்டில்தான் இருக்கிறது. அதனால் முதல் நன்றி, மாவு படிந்த கையோடு அதைச் செய்பவர்களுக்கு.

மாவுக்கட்டில் அச்செடுத்து, அதில் வார்த்த உருவை அரத்தால் திருத்துகிறீர்கள். முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநார் பாரம் தாங்கும், அங்கே செதுக்குகிறீர்கள். வெளிப்பக்கம் துருத்தும் சிற்றெலும்பின் தலையும், வெட்டிய முன்னெலும்பின் முனையும் தாங்கா; அங்கே மாவைக் கூட்டுகிறீர்கள். கூட்ட மறந்தால் சாக்கெட் எலும்பிலேயே உட்கார்ந்து புண்ணாக்கிவிடும். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக்கில் சோதனைச் சாக்கெட் வார்த்து, ஆளை நிற்கவைத்து, தோல் எங்கே வெளுக்கிறது என்று பார்த்த பிறகே கடைசிச் சாக்கெட்டுக்குப் போகும் உங்கள் பொறுமைக்குத் தனி நன்றி. அவசரத்தில் பலர் தாண்டிவிடும் படி அது.

அலைன்மென்ட், அதாவது சாக்கெட்டுக்கும் பாதத்துக்கும் உள்ள கோணம், பார்ப்பவர்களே, பாதத்துக்கு மேலுள்ள நான்கு திருகுகளில் ஒன்றைத் தளர்த்தினால் எதிர்த் திருகை இறுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு புதியவருக்கும் சொல்லித் தருகிறீர்கள். குதி உயர்ந்த செருப்புக்கு மாறினால் முழங்கால் முன்னே தள்ளப்படும் என்று காலைப் போடுகிறவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறீர்கள்.

பிசியோதெரபிஸ்டுகளுக்கும் நன்றி. சாக்கெட்டுக்குள் போகுமுன் காலில் மாட்டும் மெத்தென்ற உறையான லைனரை உட்புறம் வெளியே திருப்பி, அடியில் காற்று சிக்காமல் மீந்த காலின் நுனியில் பதித்து, மேலே உருட்டப் பழக்குவது நீங்கள். காற்றுச் சிக்கினால் நுனித்தோல் உறிஞ்சப்பட்டுக் கொப்புளம் வரும்.

அழகைப் பற்றியும் ஒரு வார்த்தை: நுரை உறை போட்டுத் தோல் நிறம் கேட்டவர்களும் சரி, உலோகக் குழாய் அப்படியே தெரியட்டும் என்றவர்களும் சரி, தங்கள் விருப்பத்தைத் தயங்காமல் சொன்னீர்கள். உறை மூடினால் திருகை எட்டுவது கடினம். அதையும் கேட்டுக்கொண்டே முடிவெடுத்தீர்கள்.

எல்லாரையும்விட அதிக நன்றி, வலியை மறைக்காமல் சொன்னவர்களுக்கு. பகல் ஏற ஏற மீந்த கால் சுருங்கும், சாக்கெட்டுக்குள் இறங்கும், நுனி அடியில் முட்டும். இடைவெளியை நிரப்பக் காலையில் ஒரு ப்ளை (தடிமன் அளவு) சாக்ஸ், மாலையில் மூன்று என்று நீங்கள் குறித்துவந்த கணக்குதான் எங்களுக்கு வழிகாட்டி. பத்து, பதினைந்து ப்ளை வரை போயும் கால் உள்ளே ஆடினால், சாக்ஸை இன்னும் அடுக்காமல் வாருங்கள், புதிதாக அச்செடுப்போம்.

நன்றியுடன்,
செயற்கைக் கால் பொருத்தும் குழுவினர்